ஆட்டு மூளையும் நரம்பின் உறையும்: நாய்க்கடி ஊசியின் ஒரு நூற்றாண்டு

நரம்பு என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் அது யாழில் கட்டிய தந்தியைக் குறிக்கிறது. உடலில் தோலுக்கு அடியில் புடைத்தெழும் கோடுகளையும் குறிக்கிறது. புறநானூற்றின் முதிய தாயின் தோளில் எழுந்து நிற்பவை நரம்புகளே. அவை இரத்தக் குழாய்களா, தசைநார்களா, உணர்வைக் கடத்தும் இழைகளா என்று அப்பாடலிடம் நாம் கேட்க முடியாது. அந்தப் பாகுபாடு பிற்கால உடற்கூற்றியல் கொண்டுவந்தது. நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது என்பதும் அப்படித்தான். அதற்குத் தமிழில் பழஞ்சொல் இல்லை. ஐரோப்பாவிலும் அதன் இன்றைய பெயர் 1854-இல்தான் கிடைத்தது. ஜெர்மானிய நோயியலறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, மஜ்ஜை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு மயிலின் என்று பெயரிட்டார். தமிழ் எழுத்தில் அது மயிலோடு வேற்றுமை உருபு சேர்ந்து நிற்பதுபோல் தோன்றுவது தற்செயலான அழகு.

இந்த உறையைப் பற்றிப் பாடநூல்கள் நிறையச் சொல்கின்றன. ஆனால் நம் ஊர்களில் பாடநூல் படியாதவர் உடலிலும் இதன் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற அச்சத்தைக் கேட்டு வளராத தலைமுறை தமிழகத்தில் அண்மைக் காலம்வரை இருந்ததில்லை. அந்த ஊசியின் கதையும் நரம்புறையின் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை. அதைத்தான் இங்கே தொகுத்துக்கொள்ள முயல்கிறோம்.

*

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது திருச்சிராப்பள்ளியிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒருவரை வெறிநாய் கடித்தால் அவருக்கு இருந்த வழிகள் காயத்தைச் சுடுவதும் பச்சிலையும் மந்திரமும்தான். லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் பாரிஸில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் ஊசியைச் செலுத்தியிருந்தார். நோய் பற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைத்துத் தயாரித்தது அது. இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900-இல் இமயச் சாரலில் உள்ள கசௌலியில் தொடங்கியது. காவிரிக் கரையிலிருந்து அங்கே போவதென்றால் பல நாள் ரயில் பயணம். வழிச்செலவும் துணைக்கு ஆளும் உள்ளவர்களுக்கே அது கைகூடும்.

1907-இல் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியாவுக்கென ஒரு பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. திருச்சியிலிருந்து கடிபட்டவர் இப்போது காவிரியை ஒட்டிக் குளித்தலை, கரூர் வழியாக ஈரோடு போய், அங்கிருந்து போத்தனூர், மேட்டுப்பாளையம் சென்று, 1899 முதல் ஓடிக்கொண்டிருந்த பற்சக்கர மலை ரயிலில் குன்னூரை அடையலாம். பயணம் எளிதாயிற்று; எனினும் அது ஒரு பந்தயமாகவே இருந்தது. வெறிநாயின் எச்சிலில் உள்ள வைரஸ் காயத்தருகே உள்ள நரம்பு நுனிக்குள் நுழைந்து, இழையின் உள்வழியாகவே தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கி நகர்கிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். கடிபட்டவர் மலையேறும் நேரத்தில் அவர் காலின் நரம்புக்குள் வைரஸும் ஏறிக்கொண்டிருக்கும். அது மூளையை அடைந்து நீரைக் கண்டு அஞ்சும் நிலை வந்துவிட்டால், அன்றும் இன்றும் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை.

இந்தப் பயணத்தைத் தேவையற்றதாக்கியவர் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள். 1911-இல் அவர் வெளியிட்ட முறையில், வைரஸை ஆட்டின் மூளையில் செலுத்துவார்கள். ஆடு முடங்கியபின் அதைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, கார்பாலிக் அமிலம் எனப்படும் பீனால் கலந்து, உடல் வெப்ப அளவில் வைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்வார்கள். இவ்வாறு கிடைத்த கலங்கலான திரவத்தைப் புட்டியில் அடைத்துத் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மருந்தைத் தேடிப் போன நிலை மாறி, மருந்து நோயாளியைத் தேடி வந்தது. நாளடைவில் தமிழகத்தின் மாவட்ட மருத்துவமனைகள் எல்லாம் இந்த ஊசியைப் போடும் இடங்களாயின. வயிற்றில் போட்டதற்குக் காரணம் எளியது. ஒவ்வொரு முறையும் செலுத்த வேண்டிய அளவு அதிகம்; தளர்ந்த தோலுள்ள பெரிய பரப்பு வயிறுதான். கடியின் கடுமைக்கேற்ப 7 முதல் 14 நாட்கள் தொடர்ந்து ஊசி போடப்பட்டது. பின்னாளில் குன்னூரில் பீனாலுக்குப் பதில் பீட்டா புரோபியோலாக்டோன் பயன்படுத்தி ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். எனினும் மக்கள் நினைவில் 14 என்ற எண்ணே நிலைத்துவிட்டது.

ஏன் மூளை என்று கேட்கலாம். அக்காலத்தில் இந்த வைரஸை வேண்டிய அளவு வளர்க்கத் தெரிந்த இடம் விலங்கின் நரம்புத் திசு மட்டுமே. மருந்தென்று கருதப்பட்டது செயலிழந்த வைரஸ். அதைச் சுமந்து வந்த மூளைத் திசு வெறும் ஊர்தி. இந்தக் கருத்தில்தான் சிக்கல் ஒளிந்திருந்தது.

*

பாஸ்டரின் காலத்திலிருந்தே ஒரு கவலை உலவிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலர், பெரும்பாலும் ஊசி தொடங்கிய இரண்டாம் மூன்றாம் வாரத்தில், காய்ச்சலும் தலைவலியும் கண்டு, கால்கள் தளர்ந்து, சிறுநீர் கழிக்க இயலாமல் படுத்தனர். சிலருக்குத் தளர்ச்சி மேலேறிக் கைகளையும் மூச்சையும் பிடித்தது. சிலர் இறந்தனர், சிலர் ஊன்றுகோலோடு எஞ்சினர், கணிசமானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ எழுந்து நடந்தனர்.

இதில் மருத்துவருக்கு ஏற்பட்ட இக்கட்டு பெரியது. வெறிநாய்க்கடி நோய் எப்போதும் வெறியாக வெளிப்படுவதில்லை. சிலருக்கு அது வாதமாகவே வரும். கட்டிலில் கால் செயலிழந்து கிடப்பவரைத் தாக்கியிருப்பது நாயின் நஞ்சா, ஊசியின் விளைவா? முதலாவது எனில் சாவு உறுதி. இரண்டாவது எனில் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் ஊசியை உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தினால், நாய் உண்மையிலேயே வெறிபிடித்ததாக இருந்திருந்தால் என்ன செய்வது? கடித்த நாய் ஓடி மறைந்த ஊர்களில் இக்கேள்விக்கு விடை சொல்ல எவராலும் முடியவில்லை.

1927-இல் பன்னாட்டுச் சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் கூடிய வெறிநாய்க்கடி மாநாடு இந்த வாத நிகழ்வுகளை விவாதித்தது. பின்னர் உலகெங்குமுள்ள பாஸ்டர் நிறுவனங்களின் அறிக்கைகளைத் தொகுத்துக் கணக்கிடும் பணியை ஏ. ஜி. மெக்கெண்ட்ரிக் மேற்கொண்டார். முன்பு கசௌலியின் இயக்குநராக இருந்தவர் அவர். தொற்றுநோய்ப் பரவலுக்குக் கணிதச் சமன்பாடு வகுத்தவர்களில் ஒருவர் என்று இன்று அறியப்படுபவர். வாதம் கண்டவர்களின் விகிதம் இடத்துக்கு இடம், ஊசிக்கு ஊசி வேறுபட்டது. சில இடங்களில் பல ஆயிரத்தில் ஒருவர். பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் சில நூறில் ஒருவர். கடிக்கு அஞ்சி ஊசிக்கு வந்தவர்கள் இலட்சக்கணக்கில் என்னும்போது, விகிதம் சிறிதானாலும் மனிதர் எண்ணிக்கை சிறிதன்று.

*

அந்தக் கலங்கல் திரவத்தில் வைரஸைத் தவிர வேறென்ன இருந்தது? இதற்கு விடைகாண மூளைக்குள் சற்றுப் போய்வர வேண்டும்.

மூளையைக் குறுக்கே வெட்டினால் இரு நிறங்கள் தெரியும். சாம்பல் நிறப் பகுதியில் நரம்புச் செல்களின் உடல்கள் இருக்கின்றன. வெண்ணிறப் பகுதியில் அவற்றின் நீண்ட இழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. அந்த வெண்மை மயிலினின் நிறம். அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு கொழுப்பு; எஞ்சியது புரதம். இந்த உறையை நெய்பவை நரம்புச் செல்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்திருக்கும் கிளியா என்னும் வேறு இனத்துச் செல்கள்.

கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. இப்பெயரையும் 1856-இல் நிலைநாட்டியவர் விர்ச்சோவே. நரம்புகளை ஒட்டிப் பிடித்திருக்கும் சாந்து என்றே அவர் அதைக் கருதினார். பெயர் பொருளைக் கட்டிப்போட்டுவிட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு அறிவுலகின் கவனமெல்லாம் நரம்புச் செல்லின் மேலேயே இருந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா மூளையைப் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்குத் 'தலைமைச் செயலகம்' என்று பெயர் வைத்தார். அந்த உருவகத்தை நாம் நீட்டிப் பார்த்தால், செயலகத்தின் வரலாற்றில் அமைச்சர்களும் செயலர்களும் இடம்பெறுவார்கள். மின்கம்பி இழுத்தவர், தண்ணீர் கொண்டுவந்தவர், குப்பை அள்ளியவர் பெயர் வராது. கிளியா செல்கள் அத்தகையோர்.

அவர்களுக்குள்ளும் பிரிவுகள் உண்டு என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளில் உறையிடுபவை, 1830-களின் இறுதியில் அவற்றைக் கண்ட தியோடர் ஷ்வானின் பெயரைத் தாங்கிய செல்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வேலையைச் செய்பவை ஒலிகோடென்ட்ரோசைட்டுகள். ஸ்பெயின் நாட்டு ரியோ ஒர்ட்டேகா தம் வெள்ளிச் சாயமுறையால் 1921-இல் இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். ஒரு ஷ்வான் செல் ஓர் இழையின் ஒரு துண்டுக்கு மட்டுமே உறையிடும். ஓர் ஒலிகோடென்ட்ரோசைட்டோ பல கைகளை நீட்டிப் பல இழைகளின் பல துண்டுகளுக்கு உறையிடும். உறை எப்படி உருவாகிறது என்பதை 1954-இல் பெட்டி கெரன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்து விளக்கினார். கிளியா செல் தன் சவ்வை இழையின் மேல் பாய்போலச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறது.

இச்சுற்றின் பயன் வேகம். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே உறையற்ற சிறு இடைவெளிகள் உண்டு. 1870-களில் அவற்றை விவரித்த ரான்வியரின் பெயரால் அவை ரான்வியர் கணுக்கள் எனப்படுகின்றன. உறையில்லாத மெல்லிய இழையில் செய்தி ஒவ்வொரு புள்ளியாக ஊர்ந்து வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டரே செல்லும். உறையிட்ட தடித்த இழையில் அது கணுவுக்குக் கணு தாவி 100 மீட்டரையும் எட்டும். திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம், வாளாடி, லால்குடி என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்றுபோகும் பயணிகள் வண்டியையும், அரியலூர், விருத்தாசலம் என்று தாவிப்போகும் விரைவு வண்டியையும் எண்ணிக்கொள்ளலாம். உறை உரிந்துவிட்டால் விரைவு வண்டி பயணிகள் வண்டியாக மாறுவதில்லை. பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடுகிறது. இழை அறுபடாமலே கால் செயலிழக்கும் விந்தை இதுவே.

இந்த உறையைக் காண்பதே நெடுங்காலம் சாயங்களின் தயவில் இருந்தது. சாயமின்றி, உயிருள்ள திசுவிலேயே காணும் வழிகளுள் ஒன்று நம் பக்கத்து ஊரோடு தொடர்புடையது. ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல், மூலக்கூறுகளின் அதிர்வை ஒளியின் நிறமாற்றத்தில் காட்டுகிறது. மயிலினின் கொழுப்பு அடர்த்தியானது. அதில் கரியணுவும் ஹைட்ரஜனும் இணைந்த பிணைப்புகள் மிகுதி. இவ்வடிப்படையில் அமைந்த நுண்ணோக்கியைக் கொண்டு 2005-இல் அமெரிக்கப் பர்டூ பல்கலைக்கழகத்தினர் உயிருள்ள தண்டுவடத் திசுவின் உறைகளைப் படமெடுத்தனர். ஆட்டு மூளை ஊசி இந்தியாவில் விடைபெற்றதும் ஏறத்தாழ அதே வேளையில்தான்.

*

ஊசிக்குத் திரும்புவோம். 1930-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். வாதத்தை உண்டாக்குவது வைரஸா, அதைச் சுமந்த மூளையா? வைரஸே இல்லாத, நலமான முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். குரங்குகள் சில தள்ளாடின, முடங்கின. அவற்றின் மூளையில் நரம்பிழைகள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. உறை மட்டும் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. 1933-இலும் 1935-இலும் வெளியான அந்த ஆய்வுகளோடு ஐயம் பெருமளவு தீர்ந்தது. ஊர்தியே குற்றவாளி.

நிகழ்வது இது. நம் எதிர்ப்பாற்றல் அயல் புரதத்தைக் கண்டால் அதற்கெதிராகப் படை திரட்டும். ஆட்டின் நரம்புறையிலும் மனிதனின் நரம்புறையிலும் உள்ள புரதங்கள் மிக நெருங்கியவை. அவற்றை அயலானாக அறிமுகப்படுத்திப் பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து ஊட்டினால், சிலருடைய உடல் தன் உறையையே பகையென்று தாக்கத் தொடங்கும். இதில் முதன்மையானது மயிலின் அடிப்படைப் புரதம் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1987-இல் தாய்லாந்தின் தீரவத் ஹேமச்சுதா குழுவினர், மூளைத்திசு ஊசியால் பாதிக்கப்பட்ட நோயாளிகளிடமே இப்புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதைக் காட்டினர். பாதிக்கப்பட்டோரில் பலர் மீண்டதற்கும் கிளியாவே காரணம். தாக்குதல் ஓய்ந்ததும் எஞ்சிய செல்கள் மறுபடி உறையிட்டன.

உண்மை தெரிந்தபின் மாற்று வழிகள் பிறந்தன. அவற்றுள் நம் கவனத்துக்கு உரியது 1955-இல் சிலி நாட்டில் ஃபுயென்சாலிடாவும் பலாசியோசும் கண்ட வழி. அவர்கள் மூளையைக் கைவிடவில்லை. பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குஞ்சின் மூளையைத் தேர்ந்தார்கள். அதில் உறை இன்னும் உருவாகத் தொடங்கவில்லை என்பதே காரணம். உறையிடுதல் பிறப்புக்குப் பின்னும் நெடுநாள் நடக்கும் வேலை; மனிதருள் மூளையின் முன்பகுதியில் அது இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. உடற்கூற்றியலாரின் இந்தச் சிறு செய்தி இலத்தீன் அமெரிக்காவில் ஊசியாக மாறியது. வாதம் அங்கே வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. நரம்புத்திசுவே இல்லாமல், சோதனைக்கூடத்தில் மனிதச் செல்களில் வைரஸை வளர்த்த ஊசி 1976-இல் தன் வலிமையை மெய்ப்பித்தது. ஈரானில் வெறிபிடித்த ஓநாய்களும் நாய்களும் கடித்த 45 பேருக்கு, எதிர்ப்புச் சீரத்தோடு இந்த ஊசியைச் செலுத்தினர், அனைவரும் பிழைத்தனர்.

1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு நரம்புத்திசு ஊசிகளைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. இந்தியாவில் ஆட்டு மூளை ஊசியின் உற்பத்தி நின்றது 2004-இன் இறுதியில்.

இந்த இருபது ஆண்டுகளை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? வேறு வழியே இல்லாத காலத்தில் குன்னூரும் கசௌலியும் செய்தது பெரும்பணி. உறுதியான சாவுக்கும் அரிதான வாதத்துக்கும் இடையே தேர்வென்றால் எவரும் பின்னதையே ஏற்பர். ஆனால் 1980-களில் செல் வளர்ப்பு ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தபின் தேர்வு அவ்வாறு இல்லை. பணமுள்ளவர் மருந்துக் கடையில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் விலை கூலித் தொழிலாளியின் பல நாள் ஊதியம். அவர் அரசு மருத்துவமனையின் வரிசையில் நின்று இலவசமான ஆட்டு மூளையைத் தம் வயிற்றில் ஏற்றுக்கொண்டார். ஒரே தெருவில், ஒரே நாய் கடித்த இருவருக்கு இருவேறு ஊசிகள். தெருநாயிடம் கடிபடுவோரில் பெரும்பாலோர் எளியவர்களும் சிறுவர்களுமே என்பதைச் சேர்த்து எண்ணும்போது, உறை இழந்த நரம்புகள் யாருடையவை என்பது விளங்கும். அறியாமையால் நேர்ந்த பிழை 1935-க்குப் பின் இல்லை. மாற்று இல்லாமையால் நேர்ந்தது என்பதும் 1980-களுக்குப் பின் முழு உண்மையில்லை. எஞ்சுவது செலவுக் கணக்கு.

அக்கணக்கும் இறுதியில் அறிவாலேயே தீர்ந்தது. தசைக்குப் பதில் தோலின் உள்ளடுக்கில் செலுத்தினால் மருந்தில் சிறு பங்கே போதும் என்று தாய்லாந்தின் அனுபவம் காட்டியிருந்தது. 2006-இல் இந்தியாவில் அம்முறைக்கு அனுமதி கிடைத்தது. புதிய ஊசியை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தர அது வழிசெய்தது. ஆட்டு மூளையில் தொடங்கிய குன்னூர் நிறுவனமே செல் வளர்ப்பு ஊசியைத் தயாரிக்கவும் முன்வந்தது.

ரிவர்ஸின் குரங்குகள் மற்றொரு பயனையும் தந்தன. உடல் தன் உறையையே தாக்கும் நோய்களுள் தலையாயது மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். அதை ஆராய அவர் வகுத்த சோதனை முறையே அடிப்படையாயிற்று. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் செலா, ஆர்னான், டைட்டல்பாம் ஆகியோர் மயிலின் புரதத்தைப் போலி செய்யும் ஒரு பொருளை ஆக்கினர். விலங்குகளில் நோயை உண்டாக்கும் என்று எதிர்பார்த்த அப்பொருள் நோயைத் தடுத்தது. 1996-இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஏற்கப்பட்டது.

*

இன்று நாய்க்கடிக்கு அரசு மருத்துவமனையில் போடப்படுவது தோளில் சிறு ஊசி; கடிபட்ட அன்றும், 3, 7, 28-ஆம் நாட்களிலும். நரம்புத்திசு அதில் இல்லை; காயம் ஆழமெனில் எதிர்ப்புச் சீரமும் சேர்த்துத் தருகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் இந்நோயால் இறப்பதாக 2003-இல் நடந்த கணக்கெடுப்பு மதிப்பிட்டது. 2025-இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு 5,700-ஐ ஒட்டியது. குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவாமல், தொப்புள் ஊசியின் பழைய அச்சத்தால் மருத்துவமனைக்குப் போகத் தயங்கி, இரண்டு ஊசியோடு நிறுத்திக்கொண்டு இறப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. அதற்கு வரலாறு உண்டு. ஊசி போட்டபின் கால் விழுந்தவரைப் பார்த்த ஊர் அதைத் தன் வழியில் நினைவில் வைத்துக்கொண்டது. ஏன் விழுந்தது என்று எவரும் அதற்கு அதன் மொழியில் சொல்லவில்லை. காரணம் நீங்கிவிட்டது என்றும் சொல்லவில்லை. விளக்கமெல்லாம் ஆங்கில மருத்துவ இதழ்களில் தங்கிவிட்டது. திருச்சியின் அரசு மருத்துவக் கல்லூரி முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் என்னும் தமிழறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நரம்புக்கு இரண்டாயிரம் ஆண்டுச் சொல் வைத்திருக்கும் மொழியில், அந்த நரம்பின் உறைக்கு நேர்ந்ததையும் எழுதிவைப்பது மருத்துவரின் கடமை மட்டுமன்று. தமிழ் கற்பிக்கும் நம் போன்றோருக்கும் அதில் பங்குண்டு.